பக்கத்துப் படுக்கையின் சிவப்பு

எனக்குப் பொறாமை உண்டு என்பதை நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அடுத்தவர் வீட்டையோ நகையையோ பார்த்து ஏங்கியதாக நினைவில்லை. ஏங்குவதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நான் எந்தக் கூட்டத்திலும் பின்னால் நிற்கிறவள். கோயில் ஆராதனையிலும் கடைசி பெஞ்சுதான். அப்படிப்பட்டவள் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் கையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தோலின் நிறத்தைப் பார்த்து மனசுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அந்தப் பொறாமை என் விரல்களைக் கொண்டுபோகப் பார்த்தது.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சந்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சலவைக் கூடம் இருக்கிறது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து முடித்த ஈர விரிப்பை ஒரு நீளமான சூடான ரோலருக்குள் ஊட்டினால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். ஊட்டுவது என் வேலை. பத்தொன்பது வருஷம் ஊட்டினேன். அன்றைக்கு ஒரு விரிப்பின் ஓரத் தையல் பிரிந்து தொங்கியிருக்கிறது. அந்த நூல் என் நடுவிரலில் சுற்றிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. விரிப்பு போனது, நூல் போனது, கை போனது. எதிரில் நின்றவள் சுவிட்சை அணைத்து என் வலது கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கை அப்படியே இருந்தது. புறங்கைத் தோல் மட்டும் மணிக்கட்டிலிருந்து விரல்கள் தொடங்கும் இடம்வரை இல்லை. கையுறையைப் பாதி கழற்றியதுபோல் இருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நரம்பு அசைந்தது. விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. அதற்குப் பிறகுதான் மயக்கம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கையைக் கழுவிக் கழுவிக் கட்டினார்கள். பிறகு டாக்டர் என் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். கன்னடக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். தமிழைக் கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேசுவார். எலும்பும் நரம்பும் தெரிகிற இடத்தில் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டினால் பிடிக்காதாம். ரத்த ஓட்டத்தோடு சேர்ந்த கனமான தோல் வேண்டுமாம். அதற்கு அடிவயிற்றின் பக்கவாட்டில் உள்ளங்கையளவு தோலையும் கொழுப்பையும் மூன்று பக்கம் வெட்டித் தூக்கி, நாலாவது பக்கத்தை வயிற்றோடு விட்டுவிட்டு, அந்த மடிப்பைப் புறங்கையின் மேல் தைப்பார்கள். கை மூன்று வாரம் வயிற்றோடு சேர்ந்தே இருக்கும். அந்தத் தோல் கையில் வேர் பிடித்த பிறகு வயிற்றுப் பக்கத்தை வெட்டிப் பிரிப்பார்கள். வார்டில் எல்லாரும் அதை ஃபிளாப் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

“பிடிக்கலன்னா?” என்று என் தங்கைதான் கேட்டாள்.

“பிடிக்கணும்மா. பிடிக்கலன்னா நரம்பு காய்ஞ்சு போகும். அப்பறம் விரல் சிலது எடுக்கவேண்டி வரும். அதனாலதான் ஜாக்ரதயா பாத்துக்கணும்.”

எனக்கு ஆபரேஷன் நடந்த நாளிலேயே, எனக்கு முன்னால், இன்னொருத்திக்கும் அதே ஆபரேஷன் நடந்தது. என்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவள் என் வலப்பக்கப் படுக்கையில் இருந்தாள். ஆனேக்கல்காரி. அங்கே ஒரு மிளகாய் அரைக்கும் மில்லில் வேலை. மிஷினின் பெல்ட் இடது கையைப் பிடித்துவிட்டது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நல்ல உடம்பு, நல்ல தொண்டை, கன்னடம் கலந்த தமிழ். மயக்க மருந்து முழுசாகத் தெளியும் முன்பே என்னைப் பார்த்து, “இன்னாக்கா, உனக்கும் வயித்துல ஒட்டிட்டாங்களா? நம்ம ரெண்டு பேரும் தொப்பைய தடவினே கிடக்க வேண்டியதுதான்” என்றாள். வார்டு சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நைட்டியின் முன்பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் போர்வையைத் தூக்கி என் அடிவயிற்றைப் பார்ப்பார்கள் என்ற வெட்கத்திலேயே நான் பாதி செத்திருந்தேன்.

முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு தரம் சிஸ்டர் வருவார். மலையாளப் பெண், அதிகம் பேசமாட்டார். ஃபிளாப்பைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். கட்டைவிரலால் அழுத்தி எடுப்பார். அழுத்திய இடம் வெளுக்கும். அது மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுவார். சீக்கிரம் சிவந்தால் ரத்தம் நன்றாக ஓடுகிறது. ரொம்பத் தாமதித்தாலோ நீலம் பாய்ந்தாலோ ஆபத்து. உதட்டை அசைக்காமல்தான் எண்ணுவார். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் தலை லேசாக ஆடும். அதை வைத்து நானும் எண்ணக் கற்றுக்கொண்டேன்.

பக்கத்துப் படுக்கையில் தலை இரண்டு தடவை ஆடும். என் படுக்கையில் நாலு, சில வேளை ஐந்து.

அவளுடையது முதல் நாளிலிருந்தே சிவப்பு. சிவப்பு என்றால் ரத்தச் சிவப்பு இல்லை, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறம். என்னுடையது ஈயப் பாத்திரத்தின் அடியைப் போல இருந்தது, ஒரு மூலையில் ஊதா. டாக்டர் காலையில் மாணவர்களோடு வரும்போது என் படுக்கையில் நின்று “ம்” என்பார். அவள் படுக்கைக்குப் போனதும் போர்வையை நன்றாக விலக்கி, “பாருங்க, ஃபிளாப்னா இப்படி இருக்கணும்” என்பார். மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். ஒருத்தி போனில் படமும் எடுத்தாள். “என் மூஞ்சியும் சேத்து எடும்மா” என்றாள் இவள்.

ஃபிளாப் பிழைக்க எங்களுக்கென்று சட்டங்கள் இருந்தன. குளிர் ஆகாது, ரத்தக் குழாய் சுருங்கும் என்று எங்கள் தலைக்கு மேலே இருந்த ஃபேனை நிறுத்திவிட்டார்கள். நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும். வயிற்றையும் கையையும் சேர்க்கும் பாலம்போன்ற சதை மடங்கிவிடாமல் தலையணையை முட்டுக்கொடுத்துப் படுக்க வேண்டும். இருமினால்கூட கையை அணைத்துக்கொண்டு இரும வேண்டும். காபி, டீ கூடாது. அதுவும் குழாயைச் சுருக்கும் என்றார் சிஸ்டர்.

எனக்குக் காபி உயிர். காலையில் ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் நான் எழுந்ததாகக் கணக்கு. ஆனால் அந்த வார்டில் ஒரு சொட்டு தொடவில்லை. வெந்நீரைக் காபி என்று நினைத்துக் குடித்தேன். தூக்கத்தில் புரண்டுவிடுவேனோ என்று இடுப்பில் துண்டைக் கட்டிக் கட்டிலோடு முடிந்துகொண்டேன். எல்லாச் சட்டத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கடைப்பிடித்தேன்.

அவளுக்குப் பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்காரர் பிளாஸ்க்கோடு வருவார். மூடியைத் திறந்ததும் வாசனை என் படுக்கைக்கு வந்துவிடும். அவள் சிஸ்டர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு ஒரே மூச்சில் குடிப்பாள்.

“காபி குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே” என்றேன் ஒரு நாள். நானாக அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அதெல்லாம் சும்னே சொல்வாங்கக்கா. ஸ்வல்ப குடிச்சா ஒண்ணும் ஆகாது. பாரு, என்னது எப்படி கீதுன்னு” என்று போர்வையை விலக்கிக் காட்டினாள். பிறந்த குழந்தையின் உள்ளங்கால்.

அன்று நான் ஜெபம் செய்யவில்லை. கடவுளிடம் கேட்பதற்கு எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. அது நல்ல கேள்வி இல்லை.

என் தங்கை ஒரு பள்ளியில் ஆயாவாக இருக்கிறாள். காலையில் வந்து என்னைத் துடைத்து, தலை வாரி, சாப்பாடு கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் மறுபடி வருவாள். ஐந்தாறு நாளிலேயே அவள் என் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். ஆனேக்கல்காரி சொல்லும் மில் கதைகளைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னோடு பிறந்தவள், என் பேச்சுக்கு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் அவளுக்கும் தலை வாரிவிட்டாள். அவளுக்கு நீள முடி, சிக்கெடுக்க நேரமாகும். என் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் வந்து என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். பிறகு “பக்கத்துச் சகோதரிக்கும் ஜெபிக்கலாமா” என்று கேட்டு அங்கே போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் “ஆமாம் சாமி, ஆமாம் சாமி” என்றாள். அவருக்கு அது உற்சாகமாகிவிட்டது போல. எனக்குச் செய்ததைவிட அது நீளமான ஜெபம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் அப்போது தப்பாகப் புரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை என் நகங்களை வெட்டிவிடுவாள். ஃபிளாப்பின் அடியிலிருந்து என் ஐந்து விரல்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டுவாள். அந்த நேரத்தில் மட்டும் ஆனேக்கல்காரி பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். திமிர் என்று நினைத்தேன். நம்மிடம் பேச அவளுக்கு இப்போது ஒன்றும் இல்லையாக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஃபிளாப்பைப் பழக்க ஆரம்பித்தார்கள். அதுவரை அந்தத் தோல் வயிற்றிலிருந்து வரும் ரத்தத்தைக் குடித்துத்தான் உயிரோடு இருந்தது. வெட்டிப் பிரிக்கும் முன், கையிலிருந்து வரும் ரத்தத்தில் வாழ அதற்குப் பழக்கம் வரவேண்டும். அதற்காகப் பாலத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் குழாயைப் போட்டு இறுக்கி, கத்தரிக்கோல்போல இருக்கும் ஓர் இடுக்கியால் பிடித்துவிடுவார்கள். அந்த நேரம் வயிற்று ரத்தம் நின்றுவிடும். முதல் நாள் ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. நிறம் மாறாவிட்டால் பத்து, இருபது என்று கூட்டிக்கொண்டே போகலாம். நீலமானால் உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

“தண்ணிக் குழாய மூடி மூடித் திறக்கிற மாதிரி. அவசரமே கூடாது” என்றார் டாக்டர்.

சிஸ்டர் ஒருவருக்கு எத்தனை படுக்கை. இரண்டு நாள் அவரே கட்டிக் காட்டினார். பிறகு எங்களையே செய்துகொள்ளச் சொன்னார். ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். எத்தனை மணிக்குக் கட்டினோம், எத்தனை நிமிஷம், நிறம் என்ன என்று எழுத வேண்டும். தங்கை இருக்கும்போது அவள் எழுதுவாள். மத்தியானத்தில் நானே இடது கையால் எழுதினேன். எண்கள் எல்லாம் கோணிக்கொண்டு நிற்கும்.

நாலாவது நாளே அவள் கட்டிவைக்கும் நேரம் அரை மணிக்குப் போய்விட்டது. “அக்கா, அரை மணி ஆயித்து. தூங்கியே போச்சு அது” என்று தன் கையைத் தட்டிக் காட்டினாள். நான் அப்போதுதான் ஐந்திலிருந்து பத்துக்கு வந்திருந்தேன். பத்தாவது நிமிஷத்தில் ஊதா எட்டிப் பார்க்கும். மறுநாள் காலை டாக்டர் அவளிடம், “அடுத்த வியாழக்கிழமை பிரிச்சுடலாம்” என்றார். என் பக்கம் திரும்பி, “நீங்க பத்திலேயே இருங்க. உங்களுக்கு அப்பறம் பாக்கலாம்” என்றார்.

அப்பறம் என்ற வார்த்தை நாள் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நாள் ஆபரேஷன். அவள் காபி குடித்தாள், சத்தம் போட்டுச் சிரித்தாள், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஆடினாள். அவளுக்கு வியாழக்கிழமை. எனக்கு அப்பறம்.

அன்று மத்தியானம் நான் கட்டியதை இருபது நிமிஷம் அவிழ்க்கவில்லை. நிறம் தெரியாமலிருக்கத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். பார்த்தால்தானே பயம். பட்டினி போட்டால் பழகிக்கொள்ளும் என்று, யாரோ ஒரு பிடிவாதக்காரப் பிள்ளையைப் பற்றி நினைப்பதுபோல், என் சதையைப் பற்றியே நினைத்தேன். அவிழ்த்தபோது நாவல்பழம் தின்ற நாக்குபோல் இருந்தது. கால் மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. நோட்டில் 10 என்று எழுதினேன். அடுத்த நாள் முப்பது நிமிஷம். 10 என்று எழுதினேன். இப்படியே கொண்டுபோய், கடைசியில் ஒரு நாள் எல்லார் முன்னாலும் நாற்பது நிமிஷம் கட்டிக் காட்டி, வியாழக்கிழமையை நானும் வாங்கிவிடலாம் என்று எண்ணம்.

மூன்றாவது நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வலி மாத்திரை போட்டிருந்தேன். ஒன்றேகால் மணிக்குக் கட்டினேன். துண்டைப் போட்டேன். தூங்கிவிட்டேன்.

யாரோ என் வயிற்றில் கை வைப்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். ஆனேக்கல்காரி குனிந்து நின்றாள். இடது கை அவள் வயிற்றோடு ஒட்டியபடி, பாதி வளைந்து, வலது கையால் என் ரப்பர் குழாயின் இடுக்கியை விடுவித்துக்கொண்டிருந்தாள். இறங்கக் கூடாதென்று சொல்லியிருந்த கட்டிலிலிருந்து தானாக இறங்கி வந்திருக்கிறாள்.

“எத்தினி நேரமாக்கா கட்டினு கீற? நீ குறட்ட விட்டுனு இருக்க. அது செத்துனு இருக்குது.”

கடிகாரம் இரண்டேகால் காட்டியது. துண்டை விலக்கினாள். கத்தரிக்காய் நிறத்தில் என் ஃபிளாப் பளபளத்தது.

“சிஸ்டர்கிட்ட சொல்லிடாத” என்றேன். முதலில் வந்த வார்த்தை அதுதான். வலிக்கிறதா, பிழைக்குமா என்று எதுவும் தோன்றவில்லை.

“நான் எதுக்கு சொல்றேன்? உன் கை, உன் வாய்” என்று சொல்லிவிட்டு அவள் மெதுவாகத் தன் கட்டிலுக்கு ஏறினாள். நான் நோட்டை எடுத்து அன்றைக்கும் 10 என்று எழுதினேன்.

கறுப்பு கொஞ்சம் விலகியது. ஆனால் விரல்கள் தொடங்கும் ஓரத்தில் அப்படியே நின்றது. ஆறு மணிக்கு சிஸ்டர் அங்கே அழுத்தினார். தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஆறு, ஏழு, எட்டு. நோட்டைப் புரட்டினார். 10, 10, 10. டாக்டருக்கு போன் செய்யப் போனார். தங்கை என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவளிடமும் சொல்லவில்லை.

காலையில் டாக்டர் மாணவர்களோடு வந்தார். எட்டுப் பேர் இருப்பார்கள். ஊசியால் ஓரத்தில் குத்திப் பார்த்தார். கறுத்த ரத்தம் மெதுவாக வந்தது. நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். மாணவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் அதில் ஒரு வார்த்தை தெரிந்தது. ஃபெயில். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் எனக்கு வந்த வார்த்தை.

“அம்மா, இது பத்து நிமிஷம்கூட தாங்கல” என்றார் என்னிடம். “அப்படின்னா கையிலிருந்து ரத்தமே போகல. வேர் பிடிக்கல. நாளைக்கு தியேட்டருக்கு எடுத்து, இத எடுத்துட்டு வேற இடத்திலிருந்து போடணும். சுண்டு விரலும் மோதிர விரலும் நிக்குமான்னு அப்பதான் சொல்ல முடியும்.”

நான் தலையாட்டினேன். வாழ்க்கை முழுக்க யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன். அவர்கள் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்கள். போர்வை விலகியது. “எக்ஸலெண்ட்” என்றார் டாக்டர். என் விரல்கள் போகப் போகின்றன என்று கேட்ட அந்த நிமிஷத்திலும் அந்த எக்ஸலெண்ட் எனக்குத் தனியாகக் குத்தியது. அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனமில்லை.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெரிய தொண்டையில் சொன்னாள்.

“டாக்டரே, அக்கா ஏதோ உங்ககிட்ட சொல்லணுமாம்.”

எட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அந்த நேரத்தில் அவளை வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

“என்னம்மா?” என்றார் டாக்டர்.

“பத்து நிமிஷம் இல்ல.”

“ஏனு?” என்று அவர் வாயில் கன்னடம் வந்துவிட்டது.

“பத்து நிமிஷம் இல்லீங்க. நேத்து ஒரு மணி நேரம். அதுக்கு முன்னாடி நாள் அரை மணி. நான்தான் பத்துன்னு எழுதினேன்.”

“ஏம்மா அப்படிப் பண்ணீங்க?”

என் முகமெல்லாம் சூடாகிவிட்டது. போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். “அவங்களுக்கு வியாழக்கிழமைன்னு சொன்னீங்க” என்றேன்.

ஒரு மாணவன் சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஃபிளாப்பை மறுபடி பார்த்தார். ஒவ்வொரு இடமாக அழுத்தினார். மணிக்கட்டுப் பக்கம், நடுவில், ஓரத்தில்.

“ஒரு மணி நேரம் முழுசா கட்டியிருந்ததா?”

“ஆமாங்க.”

“நடுவுல அவிழ்க்கல?”

“தூங்கிட்டேன்.”

டாக்டர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். பிறகு மாணவர்களைக் கிட்டே கூப்பிட்டார். சிரித்தவனின் கட்டைவிரலைப் பிடித்து என் ஃபிளாப்பின் நடுவில் வைத்து அழுத்தச் சொன்னார். “ஒரு மணி நேரம் மூடியும் இவ்வளவுதான் கறுத்திருக்கு. மிச்சமெல்லாம் கை ரத்தத்துல நிக்குது. இது வேர் பிடிச்ச ஃபிளாப்” என்றார். என்னிடம் திரும்பியபோது குரல் மாறிவிட்டது. “உங்க ஃபிளாப் நல்லாத்தாம்மா இருந்தது. நீங்கதான் அத அடிச்சுப் போட்டுட்டீங்க. இத நீங்க சொல்லலன்னா நாளைக்கு நான் நல்ல சதைய வெட்டி எறிஞ்சிருப்பேன். ஆயித்தா? புரியுதா?”

புரிந்தது. தியேட்டர் வேண்டாமென்றார். ரப்பர் குழாயையும் இடுக்கியையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனார் சிஸ்டர். அதன்பிறகு என் படுக்கைப் பக்கம் அவர் ஒருவர்தான் கட்டினார், அவர் ஒருவர்தான் அவிழ்த்தார். கைக்குச் சூடு கிடைக்க ஒரு பல்பை வளைத்து வைத்தார்கள்.

மத்தியானம் வார்டு அடங்கிய பிறகு நான் அவள் பக்கம் திரும்பாமல், “என்ன எல்லார் முன்னாடியும் மாட்டிவிட்டுட்ட” என்றேன்.

“நான் எங்கக்கா மாட்டிவிட்டேன்? வாயத் தொறந்தது நீ.”

“உனக்கென்ன. உன்னது நல்லா இருக்கு.”

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள். பிறகு வலது கையால் போர்வையைத் தள்ளி, ஃபிளாப்பின் அடியில் சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இருந்தன. மற்ற மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த நல்ல தோல் இருந்தது. இத்தனை நாள் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், அது எதை மூடியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. தெரியாது என்று சொல்ல மாட்டேன். முதல் நாளே யாரோ சொன்னார்கள். எனக்கு அது கணக்கில் வரவில்லை.

“எனக்குத் தோலு நல்லா கீது. உனக்கு வெரலு நல்லா கீது” என்றாள். “ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உன் தங்கச்சி கட்டுக் கட்டுனு நகம் வெட்டுதே, அந்தச் சத்தம் எனக்குக் காதுல விழக் கூடாதுன்னு ஜன்னலப் பாத்துனு படுப்பேன். மாத்திக்கலாமா, சொல்லு. இப்பவே டாக்டர கூப்புடுறேன்.”

என் விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். பிறகு அதுவும் தப்பாகத் தோன்றி, மறுபடி வெளியே எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை அவளைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது வயிற்றிலிருந்து பிரிந்த கையை மேலே தூக்கி, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைப்போல வார்டு முழுவதற்கும் ஆட்டிக் காட்டினாள். என் தங்கை கைதட்டினாள். எனக்கும் மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வந்தது கொஞ்சம்தான். அவள் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கட்டிலில் வேறு யாரோ வந்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பதினோரு மணிக்குக் காபி வாசனை வராதது என்னவோ போல இருந்தது.

என் ஃபிளாப்பின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்து, காய்ந்து, கருவாட்டுத் தோல்போல் ஆனது. அதை வெட்டியெடுத்துத் தொடைத் தோலை ஒட்டினார்கள். மீதி பிழைத்தது. அவளுக்குப் பிரித்துப் பதினோரு நாள் கழித்து எனக்குப் பிரித்தார்கள். ஐந்து விரலும் இருக்கின்றன. முழுசாக மடங்காது, ஆனால் டம்ளரைப் பிடிக்கும், பேனாவைப் பிடிக்கும். இதை அந்தக் கையால்தான் எழுதுகிறேன். சலவைக் கூடத்தில் இப்போது என்னை ரோலரில் விடுவதில்லை. மடிக்கும் மேஜையில் நிற்கிறேன். புறங்கை வயிற்றுச் சதைதானே, நான் கொஞ்சம் பெருத்தால் அதுவும் பெருக்கிறது. சூடு தெரியாது. ஒரு தடவை தோசைக்கல்லில் பட்டது தெரியாமல் நின்று, தங்கை சத்தம் போட்டுத்தான் கையை எடுத்தேன்.

மாதத்துக்கு ஒரு முறை காட்டப் போகும்போது சில வேளை அவளும் ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வந்திருப்பாள். வராண்டா பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம். பிளாஸ்க் கொண்டுவருவாள். ஒருமுறை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மூடியைத் திருகப் பார்த்தாள், பிளாஸ்க் வழுக்கிக்கொண்டு போனது. நான் வாங்கித் திறந்தேன். எனக்கும் நேரமானது. வார்டில் செய்ததுபோல் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் மடக்குற” என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

இப்போதும் காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். வெளுக்கும். எண்ணுவேன். இரண்டு முடிவதற்குள் சிவந்துவிடுகிறது. அவளுக்கு ஒன்று முடிந்ததுமே வந்துவிடுமாம். போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.